செல்வக்குமார் எழுதாமல் விட்ட குறிப்பு

செல்வக்குமார் செத்து நாலு மாதம் ஆகியும் அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். ஒன்பது வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவளுக்கு அந்த உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் எங்கள் நூல் மில். யாருக்கு எந்த ஷிப்டு, எந்தப் பகுதியில் வேலை, எந்த ஊர் வேனில் ஏற வேண்டும் என்று முடிவு செய்கிற சாஃப்ட்வேர் முழுக்க அவர் ஒருத்தர் எழுதியது. எதற்கும் விளக்கம் எழுதி வைக்க மாட்டார். “எழுதுங்கண்ணே, நாளைக்கு யாராச்சும் பாக்கணும்ல” என்பேன். “நான் எங்க போகப் போறேன்” என்பார். பங்குனிக் கடைசியில் பைக்கில் வீட்டுக்குப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாலத்துச் சுவரில் உட்கார்ந்தார். அப்படியே போய்விட்டார்.

ஆடியில் மில் கை மாறியது. வாங்கியவர்கள் ராஜகுரு என்ற மேனேஜரை அனுப்பினார்கள். அதிர்ந்து பேசாத மனிதர். “சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு டேபிளும், ஒவ்வொரு ஃபீல்டும் எதுக்குன்னு ஆவணம் வேணும். பத்து நாள்ல குடுங்க, முருகேஸ்வரி” என்றார். பத்து வருஷம் உட்கார்ந்தாலும் என்னால் எழுத முடியாது. அதற்கென்று இருக்கிற ஒரு கருவியை வாங்கி ஓட விட்டேன். அது புரோகிராமையும் டேட்டாபேஸையும் தானே படித்து, தானே விளக்கம் எழுதும். ஃபீல்டுக்குப் பக்கத்தில் யாராவது குறிப்பு எழுதியிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பெயரையும் கணக்கையும் பார்த்து ஊகிக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள் நானூறு பக்கம் எழுதி வைத்திருந்தது. ஒன்பது வருஷம் ஒரு மனிதனிடம் கெஞ்சிக் கிடைக்காதது ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

தொழிலாளர் டேபிளில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ‘காப்பு’ என்று ஒரு ஃபீல்டு. அதற்குக் கருவி இப்படி எழுதியிருந்தது: “கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்களைக் குறிக்கும் தற்காலிக அடையாளம். இது இருந்தால் அந்தப் பெண்ணுக்குப் புளோ ரூமில் வேலை ஒதுக்கப்படாது. திருவிழா முடிந்தும் இருபத்து மூன்று பேருக்கு நீக்கப்படாமல் இருக்கிறது. தவறுதலாக விடுபட்டிருக்கலாம். நீக்குவது நல்லது.”

படித்ததும் சிரித்துவிட்டேன். அவ்வளவு சரியாக இருந்தது. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிய பெண்களைப் புளோ ரூமுக்கு அனுப்புவதில்லை என்பது எங்கள் மில்லில் எல்லோருக்கும் தெரியும். பஞ்சு பேலை உடைத்து உதறுகிற இடம் அது. மணிக்கட்டில் கட்டிய மஞ்சள் கயிறு மிஷினில் சிக்கினால் கை போய்விடும். கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று எந்த சூப்பர்வைசரும் சொல்ல மாட்டார். வெளியூர்க்காரி யாராவது என் இடத்தில் இருந்திருந்தால், ‘அது என்ன காப்பு’ என்று நாலு பேரிடம் விசாரித்திருப்பாள். எனக்குத் தெரியும் என்பதால் யாரையும் கேட்கவில்லை. பங்குனியில் போட்டதை எடுக்காமலே செல்வக்குமார் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்து, இருபத்து மூன்றையும் ஒரே அழுத்தில் நீக்கினேன்.

திங்கட்கிழமை காலையில் மாரீஸ்வரி வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். வீரசோழன் பக்கத்திலிருந்து வேனில் வருகிற பெண். இருபத்து நாலு வயது. ஆவணியில் கல்யாணம்.

“அக்கா, என் பேரு புளோ ரூம்ல வந்திருக்கு.”

“ஆமா, காப்புக் கழட்டி நாலு மாசம் ஆச்சுல்ல. சிஸ்டத்துல இப்பத்தான் எடுத்தேன்.”

“செல்வக்குமார் அண்ணன் அதெ எடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தாகக்கா.”

“ஏன்?”

என் பக்கத்து மேஜையில் இருந்த இரண்டு பேரைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். “ஒண்ணுமில்லக்கா” என்றாள்.

அப்போது நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டு இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். ஆவணம் கொடுக்க இரண்டு நாள்தான் இருந்தது. நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே, “அப்ப போயி வேலையப் பாரு” என்றேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சு. மூச்சை இழுக்கும்போது தொண்டைக்குழி உள்ளே போனது. மில் வேனிலேயே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

சாயங்காலம் போனேன். மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சங்கரம்மாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நான்தான் காரணம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு டீ வாங்கி வரச் சொல்லி யாரையோ அனுப்பினார். அது தாங்கவில்லை. நானே சொன்னேன்.

“ஒனக்கு எப்பிடித் தெரியும் தாயி. செல்வக்குமார் தம்பி யாருட்டயும் சொல்லல. இவளுக்கு இருமல், இளைப்புன்னு மில்லுல சொன்னா வீட்டுக்குப் போன்னுருவாக. ஊர்ல சொன்னா பொண்ணு கேட்டு ஒருத்தரும் வர மாட்டாக. அவுகதான், ‘காப்புன்னு போட்டு வைக்கிறேன், சாமி காரியத்தை எவனும் ஏன்னு கேக்க மாட்டான்’னாக. இவ மட்டும் இல்ல, இன்னும் கொஞ்சப் பிள்ளைகளுக்கும் அப்பிடித்தான்.”

“கல்யாணம்?” என்றேன்.

“மாப்பிள்ள வீட்டுல இருந்து மத்தியானம் வந்தாக. வாசல்ல நின்னு பாத்துட்டு, டாக்டருட்ட என்னமோ கேட்டுட்டுப் போனாக. இப்ப போன எடுக்கல.”

அழுதேன். எவ்வளவு அழுதாலும் அந்தப் போனை யாரும் எடுக்கப் போவதில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக இருபத்து மூன்று பேருக்கும் அந்த அடையாளத்தைத் திரும்பப் போட்டேன். பிறகு ஒவ்வொருத்தியும் இதற்கு முன் எங்கெல்லாம் வேலை பார்த்தாள் என்று பழைய ஷிப்டு பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். அடையாளம் போடுவதற்கு முன்னால் இருபத்து மூன்று பேரும் புளோ ரூமில் தொடர்ந்து வேலை பார்த்தவர்கள். மூன்று வருஷத்துக்குக் குறைந்து ஒருத்தியும் இல்லை. மாரீஸ்வரி ஐந்து வருஷம், பத்தொன்பது வயதிலிருந்து. வீட்டிலிருந்து யாரும் நோயோடு வரவில்லை. எல்லாம் இங்கே வாங்கியது.

ராஜகுருவிடம் இன்னும் ஒரு வாரம் கெடு வாங்கினேன். ஆனால் ஆவணத்தில் என்ன எழுதுவது? கருவி எழுதியதை அப்படியே விட்டால் நாளைக்கு இன்னொருத்தர் படித்துவிட்டு என்னைப் போலவே நீக்குவார். நோய் என்று மட்டும் எழுதினால் புது முதலாளிகள் இருபத்து மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒன்றும் எழுதாமல் நானே நினைவு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். செல்வக்குமாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் மாரீஸ்வரியிடம் கேட்டேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“எழுதுனா வெளிய தெரிஞ்சிரும் மாரி. பேரு வராது. ஆனா ஒன் பேருக்கு நேரா அடையாளம் இருக்குறதப் பாத்தா தெரியும்.”

“என் விசயந்தான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே” என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. “மத்தவுகளக் கேளுங்க. அவுக சரின்னா எழுதுங்க. ஆனா நாங்க சீக்காளின்னு எழுதாதீக. அந்த ரூம எழுதுங்க.”

இந்தத் தடவை மற்ற இருபத்திரண்டு பேரிடமும் கேட்டேன், ஒவ்வொருத்தியாக, தனியாகக் கூப்பிட்டு. இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி வேண்டவே வேண்டாம் என்று எழுந்து போய், சாயங்காலம் வேன் ஏறப் போகும்போது வந்து சரியென்றாள்.

அன்றைக்குத்தான் அந்த ஃபீல்டுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் குறிப்பு எழுதினேன். கருவியைத் திரும்ப ஓட விட்டேன். தன் ஊகத்தை விட்டுவிட்டு என் குறிப்பை எடுத்துக்கொண்டது. ராஜகுரு அதைச் சத்தமில்லாமல் படித்தார்.

“இந்த அடையாளம் உள்ளவர்களுக்குப் புளோ ரூமில் வேலை கொடுக்கக் கூடாது. அந்த அறையின் பஞ்சுத் தூசியில் மூன்று வருஷமும் அதற்கு மேலும் வேலை பார்த்ததால் இவர்களுடைய நெஞ்சு கெட்டது. ஷிப்டு டேபிளில் தேதி வாரியாக இருக்கிறது. இவர்களைக் காப்பாற்றப் பொய்க் காரணம் போட்டு வைத்தவர் செல்வக்குமார். அதை நம்பி, யாரையும் கேட்காமல் ஆடி மாதம் இந்த அடையாளத்தை நீக்கியவள் முருகேஸ்வரி. புளோ ரூமுக்குப் போன மூன்றாம் நாள் ஒரு பெண் மூச்சு முட்டி விழுந்தாள்.”

ராஜகுரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“இது வக்கீல் கைக்குப் போனா மில்லுக்குச் சிக்கல், தெரியும்ல?”

“தெரியும் சார். இவுகள வெளிய அனுப்புனா கண்டிப்பாப் போகும்.”

“சரி, அனுப்ப மாட்டாங்க. நான் பேசுறேன். ஆனா கடைசி ரெண்டு வரிய மட்டும் எடுத்துருங்க. உங்க வேலைக்கு ஆபத்து.”

“அதெ எடுத்துட்டா மேல இருக்குறது யாரோ சொன்ன கதையாப் போயிரும் சார். நான் பண்ணது இருக்கட்டும்.”

அவர் என் எதிரிலேயே ஆவணத்தைப் புது முதலாளிகளுக்கு அனுப்பினார். மாரீஸ்வரி ஆவணி பிறந்து வேலைக்கு வந்தாள். இப்போது நூல் கோன்களைப் பெட்டியில் அடைக்கிற பேக்கிங்கில் இருக்கிறாள். என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறாள். நானும் கூப்பிடுவதில்லை.