மூன்றாவது தடவை

அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்று காலை ஏணியேறி கிரேன் கூண்டுக்குள் உட்காரும்போதே இரண்டு காதும் தகித்தன.

காரணம் கீழே நின்றுகொண்டிருந்தான். அவளுடைய கொழுந்தன். கட்டட வேலையில் வாக்கிடாக்கியை வைத்துக்கொண்டு அவளுக்கு வழிசொல்பவனும் அவனேதான். முந்தைய நாள் சாப்பிடும்போது, மகளை வெளியூர் கல்லூரிக்கு அனுப்ப முடியாது என்று அவள் சொல்ல, "அண்ணி மேகத்துல உக்காந்து வேலை பாப்பாங்க, பொண்ணு பஸ் ஏறுனா மட்டும் நடுங்குவாங்க" என்று குடும்பமே கேட்கும்படி சொல்லிவிட்டான். சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்த கணவனுக்குப் புரையேறிவிட்டது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

அன்று தூக்க வேண்டியவை கான்கிரீட் படிக்கட்டுத் துண்டுகள். முதல் துண்டு பாதி ஏறியதும் கொழுந்தன் நிறுத்தச் சொன்னான். காற்றாம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நிறுத்தச் சொன்னான். யாரோ குறுக்கே போகிறார்களாம். இரண்டுமே நியாயமான காரணம்தான். ஆனால் வேண்டுமென்றே சீண்டுகிறான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

அடுத்த துண்டு சுவரைத் தாண்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து பார்க்க ஒரு குறையும் இல்லை. அப்போது மூன்றாவது தடவையாக அந்தக் குரல்.

"நிறுத்துங்க அண்ணி."

அவள் உடனே நிறுத்தவில்லை. லீவரைப் பிடித்த விரல்கள் இன்னும் இறுகின. உனக்குக் காட்டுகிறேன் பார் என்று மனசு கறுவியது. அந்தக் கறுவலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். எதைக் காட்டப்போகிறேன்? இதையே வேறொருவன் சொல்லியிருந்தால் கை தானாக நின்றிருக்குமே. அப்படியென்றால் இப்போது கிரேனை ஓட்டுவது நேற்றைய சாப்பாட்டு மேசை.

நிறுத்தினாள்.

துண்டைத் தாங்கிய நான்கு சங்கிலிகளில் ஒன்றின் கொக்கி பாதி கழன்றிருந்தது. சுவர் மறைத்த பக்கம். அவளுக்குத் தெரிய வழியே இல்லை. படிக்கட்டு மெல்லச் சாய்ந்தது. கீழே வேலை செய்தவர்களைக் கொழுந்தன் விரட்டுவதும் அவர்கள் விழுந்தடித்து ஓடுவதும் வாக்கிடாக்கியில் கேட்டது. இனி அதைப் பத்திரமாக இறக்க வேண்டும். அதற்கு அவளுக்கு இருந்த ஒரே கண் அவன்தான். அவனோ பதறிப்போயிருந்தான்.

"இடது பக்கம்... இல்ல, வலது. விழுந்துடும் அண்ணி, விழுந்துடும்."

அவளுக்கும் பயம்தான். ஆனாலும் குரலை இறக்கி, குழந்தையைத் தூங்கவைப்பது போலப் பேசினாள்.

"தம்பி, நான் எங்கயும் போகல, படிக்கட்டும் எங்கயும் போகல. என்ன ஆகும்னு சொல்லாத. என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லு."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு. பிறகு சொன்னான்: ஒரு கொக்கி பாதி வெளியே, மற்ற மூன்றும் கெட்டி. பின்னால் மணல் குவியல், பக்கத்தில் ஆளில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவன் குரல் தரைக்கு வந்தது. அந்தக் குரலைக் கேட்கக் கேட்க அவள் பயமும் அடங்கியது. இடது வலது இப்போது குழம்பவில்லை. அவன் சொன்ன அளவுக்கு மேல் விரலளவுகூட அவள் நகர்த்தவில்லை. கண்ணாடிப் பாத்திரத்தை வைப்பது போலப் படிக்கட்டை மணலில் வைத்தாள். ஒரு மூலைகூட உடையவில்லை.

அப்புறம் கட்டடமே கத்தியது. தலைக்கவசங்கள் காற்றில் பறந்தன. கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து அவளும் தொண்டை கிழியக் கத்தினாள்.

இறங்கி வந்தபோது கொழுந்தன் மணலிலேயே உட்கார்ந்திருந்தான். நேற்றைக்கு நான் பேசினது என்று ஆரம்பித்தவனை அவள் கைகாட்டி நிறுத்தினாள்.

"அதை வீட்ல பேசிக்கலாம். அதுக்கு நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன். இன்னைக்கு நீதான்டா என் கண்ணு."

அவன் அழுதபடியே சிரித்தான். இன்றைக்கு இது போதும் என்றார் இன்ஜினியர். சங்கிலி சரியானால் மிச்சத்தையும் ஏற்றிவிடலாம் என்றாள் அவள். எல்லாச் சங்கிலிகளையும் சோதித்து, கெட்டதை மாற்றித் தரச்சொல்லிவிட்டு, அவள் மறுபடியும் ஏணியில் கால்வைத்தாள். அதன்பின் அவன் எத்தனை முறை நிறுத்தச் சொன்னானோ, அத்தனை முறையும் கை சொன்னவுடன் நின்றது.

வெயில் சாய்வதற்குள் கடைசித் துண்டும் தன் இடத்தில் பொருந்தியது. அந்தப் படிக்கட்டில் முதல் ஆளாக ஏறியவள் அவள். பின்னாலேயே கொழுந்தன், அவனுக்குப் பின்னால் காலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் அத்தனை பேரும். உச்சிக்குப் போய் அவர்கள் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.