இரண்டு விநாடி முன்னால்

நேரடி ஒளிபரப்பு என்று பேர்தான் பெத்த பேர். உண்மையில் அது இரண்டு விநாடிப் பழசு. ரயில் நிலையத்தில் நடப்பதெல்லாம் இருநூறு கிலோமீட்டர் தாண்டி, ஒரு மூன்றாம் மாடி அறைக்கு வந்துசேர அவ்வளவு நேரம் பிடிக்கும். அந்த அறையில் தயாரிப்பாளர் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே நான்கு கேமராக்களின் நான்கு திரைகள், மேசையில் வரிசையாகப் பொத்தான்கள். எந்த எண்ணை அழுத்துகிறாளோ அந்தக் கேமராவைத்தான் ஊர் பார்க்கும்.

மூன்றாம் கேமராவில் நின்றவன் அவள் தம்பி. வீட்டில் சும்மா இருந்தவனை, வேலை வாங்கித் தருகிறேன் பேர்வழி என்று அங்கே கொண்டுபோய் நிறுத்தியவளும் அவள்தான். இன்று அதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள்.

கூட்டமான இடங்களில் கேமராவின் சிவப்பு விளக்குமேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் எந்தக் கேமரா ஓடுகிறது என்று பார்த்து, கையாட்டுகிற கூட்டம் ஈயாக மொய்க்கும். டேப் ஒட்டிவிட்டால் கேமராக்காரனுக்கே தெரியாது. காதுக் கருவி வழியாக அவள் சொன்னால்தான் உண்டு.

ஆனால் சாம்பல் சட்டைக்காரன் ஒருவனுக்குத் தெரிந்தது.

போன மாதம் கடை வளாகத்தில் முதல் கேமராக்காரர் படியில் உருண்டு இடுப்பை உடைத்துக்கொண்டார். அதற்கு முன் பேருந்து நிலையத்தில் இரண்டாம் கேமராக்காரர் நின்ற வாக்கில் சரிந்தார். இன்றுவரை பேச்சு வரவில்லை. நேற்று மத்தியானம் இரண்டு பதிவுகளையும் போட்டுப் பார்த்தாள். இரண்டிலும் அதே சாம்பல் சட்டை. எந்தக் கேமராவுக்கு அவள் மாறினாலும் அதையே வெறித்தான். கடைசியில் ஒரு கேமராவைக் குறிவைத்து, அடிமேல் அடி வைத்து நெருங்கினான். அந்தக் கேமராக்காரர் விழுந்தார்.

மேலதிகாரியிடம் சொன்னாள். "ஏம்மா, டிவில வரணும்னு அலையிற ஆளு ஊருக்கு நாலு பேர் இருக்கத்தான் செய்வான்," என்று சிரித்தார். சிரிக்கிறவருக்கு என்ன, தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

இன்று காலை பத்து மணி. புதுப் பாதையில் முதல் ரயில் வருகிறது. ஒன்றை அழுத்தினாள், கூட்டத்தில் நின்ற அதே சாம்பல் சட்டைக்காரன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டை அழுத்தினாள், பார்வை அங்கே தயாராக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரையில் இருப்பது இரண்டு விநாடிப் பழைய படம். அப்படியானால் அவள் அழுத்துவதற்கு முன்பே அவன் திரும்பிவிட்டான். அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது அவளுக்குத் தெரியுமுன்னே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நான்காம் கேமரா மேலிருந்து நடைமேடை முழுவதையும் காட்டியது. அவன் மெல்ல மூன்றாம் கேமராவின் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினான். தம்பி விளிம்பில் நின்றான்.

"மாட்டேன். மூணுக்குப் போகவே மாட்டேன்," என்று வாய்விட்டே சொன்னாள். அவன் நடந்துகொண்டேயிருந்தான்.

"டேய், கேமரா கிடக்கட்டும். நீ பின்னால வந்துடு!"

"என்னக்கா விளையாடுறியா? எள்ளு போட்டா எள்ளு விழாது இங்க. எங்க நகர்றது?"

"உன் பின்னாடி சாம்பல் சட்டை போட்ட ஆளு இருக்கானா?"

"இருக்கான். கழுத்துல மூச்சு விடுறான், சில்லுனு இருக்கு. ஏன்க்கா?"

போனில் மேலதிகாரி கத்தினார். "ரயில் தெரியுது பாரு, மூணுக்குப் போம்மா!"

மூன்றாம் திரையில் ரயிலின் விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. நான்காம் திரையில் ஒரு கை தம்பியின் முதுகை நோக்கி உயர்ந்தது.

அந்தக் கை பாதியில் நின்றது.

சாம்பல் சட்டைக்காரன் திரும்பினான். எந்தக் கேமராவையும் பார்க்கவில்லை. அத்தனை நெரிசலிலும் யார்மேலும் படாமல் நடந்து, ஒவ்வொரு திரையாகத் தாண்டி மறைந்தான்.

"அக்கா, அந்த ஆளு போயிட்டான்."

போன உயிர் திரும்பிவந்தது அவளுக்கு. கண் நிறைந்துவிட்டது. மறுகணமே ஒரு சந்தேகம் குடைந்தது. நாலையும் விட்டுவிட்டு எந்தக் கேமராவைத் தேடிப் போனான்?

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்த யோசனையே வந்தது. மேலதிகாரிகளோடு முகம் பார்த்துப் பேசுவதற்காக அவள் மேசைமேல் ஒரு சின்னக் கேமரா உண்டு. அதற்கும் ஒரு பொத்தான் உண்டு, ஐந்தாவது. இதுவரை அதை ஒளிபரப்பில் யாரும் அழுத்தியதில்லை.

அழுத்தாவிட்டால் அவன் தம்பியிடம் திரும்பிவிடுவான். யாரும் சொல்லாமலே அது அவளுக்குத் தெரிந்தது. 'எம் பிள்ளை மாதிரி வளர்த்தேனே அவனை' என்று நினைத்துக்கொண்டே ஐந்தை அழுத்தினாள்.

"என்னம்மா இது, ரயில் வர்ற நேரத்துல உன் மூஞ்சியக் காட்டிட்டு!" என்று மேலதிகாரி அலறினார். ரயில் பத்திரமாக வந்து நின்றது.

தம்பி கைப்பேசியில் ஒளிபரப்பைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது. "அக்கா, நீதானா இது? தனியாத்தானே இருக்கே? உன் பின்னாடி..."

"தெரியும்டா. நீ விளிம்பவிட்டுத் தள்ளிப் போ. போடா கண்ணு."

நான்காம் திரையில் தம்பி தயங்கித் தயங்கி நகர்ந்து, ஜனங்களோடு ஜனமாகக் கலக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான் திரும்பினாள்.