பெரியவள் பெயரில் ஒரு வழக்கு

காவல்துறை ஆவண அலுவலகத்தின் கடைசி ஜன்னலில் நின்றுகொண்டு பெரியவள் தன் கட்டைவிரலைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்தாள். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

"என்ன வேலை பாக்கறீங்கம்மா?" என்று கேட்டார் குமாஸ்தா.

"ஓட்டல்ல பாத்திரம் தேய்க்கிறேன். தேய்ச்சேன்னு சொல்லணும், நின்னுட்டேன்."

"பாத்திரத்தோட சேத்து ரேகையையும் தேய்ச்சிட்டீங்க. மெஷின் என்ன பண்ணும், பாவம்."

அவர் சிரித்தார் என்பதற்காக அவளும் சிரித்து வைத்தாள். குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை கிடைத்திருந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடி செய்கிற வேலை. இவள் மேல் எந்த வழக்கும் கிடையாது என்று அரசாங்கம் தருகிற சான்றிதழ் மட்டும் வேண்டும் என்றிருந்தாள் காப்பகத்துக்காரம்மா. அதற்கென்ன, ஒரு நடை போனால் ஆயிற்று என்று ஓட்டலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு வந்திருந்தாள் பெரியவள். ஓட்டல்காரர் மறுநாளே வேறு ஆளை வைத்துவிட்டார்.

"ரேகை விழலைன்னா பரவாயில்ல. பேர், அப்பா பேர், பொறந்த தேதி வெச்சுத் தேடிடலாம்."

தட்டினார். பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிவிட்டது.

"உங்க பேர்ல ஒரு திருட்டுக் கேஸ் இருக்கேம்மா."

"எனக்கா? நான் ஸ்டேஷன் வாசப்படிய மிதிச்சதுகூட இல்லீங்க."

"வர்றவங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க," என்று திரையைத் திருப்பிக் காட்டினார்.

துணிக்கடைக் கல்லாவில் கை வைத்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதம். பெரியவள் கடையின் பெயரைப் படித்தாள், வருஷத்தைப் படித்தாள். அந்த வருஷம் அவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அந்தக் கடையில் வேலை பார்த்தவள் அவள் தங்கை.

குமாஸ்தா நல்ல மனுஷர், வழி சொன்னார். அன்றைக்குப் பிடிபட்டவளின் கைரேகை ஃபைலில் இருக்கிறது. அது இவளுடையது இல்லை என்று தெரிந்துவிட்டால் தீர்ந்தது.

"ஆனா ஒத்துப் பாக்க உங்க ரேகை வேணுமே. கொஞ்ச நாள் சோப்புத் தண்ணி தொடாம, எண்ணெய் தடவி வாங்க, தோல் வளந்து ரேகை வந்துடும். இல்ல, அது யாருன்னு தெரியும்னா அவங்களையே கூட்டிட்டு வாங்க. அவங்க விரல வெச்சா அன்னைக்கே முடிஞ்சிடும்."

அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குத்தான் போனாள். சின்னவள் இப்போது பெரிய அடுக்குமாடியில் இருக்கிறாள். குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளர். சங்கத்துக் கல்லாச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும்.

விஷயத்தைக் கேட்டதும் சின்னவள் முதலில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மாதான்க்கா சொன்னா. ஸ்டேஷன்ல பேர் கேட்டாங்க. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள உன் பேரச் சொல்லிட்டா. உனக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு, எனக்கு ஆகல. கட்டிக்கொடுத்தவ பேர யாரு போய்ப் பாக்கப்போறாங்கன்னா."

"அரசாங்கம் பாத்துருச்சேடி."

"உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ, நான் செத்தப்புறமா? சரி, போகட்டும். நாளைக்கு வந்து விரல வை."

சின்னவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். வழவழவென்று, நகத்தில் சாயம் பூசிய விரல்கள்.

"சங்கத்துல தெரிஞ்சா என்ன ஆகும்க்கா? மருமகப்பிள்ளை மூஞ்சில எப்படி முழிப்பேன்? வேற எது வேணாலும் கேளு. உன் கைத்தோல் வளர்ற வரைக்கும் உன் வீட்டுப் பாத்திரத்த நானே வந்து தேய்க்கிறேன்."

சொன்னபடியே வந்தாள். பாத்திரம் தேய்த்தாள், துணி துவைத்தாள், தரை துடைத்தாள். முழங்கை வரைக்கும் ஏறும் ரப்பர் கையுறை ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"ஆபரேஷனுக்கு வந்த டாக்டராட்டம் இருக்கா உன் தங்கச்சி," என்றார் பெரியவளின் வீட்டுக்காரர்.

"இல்லன்னா கை சொரசொரன்னு ஆயிடும் அத்தான்," என்றாள் சின்னவள்.

பெரியவள் எண்ணெய்க் கைகளை மடியில் போட்டபடி, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பொருள் மாதிரி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டலில் இத்தனை வருஷத்தில் ஒரு கையுறை வாங்கித் தர யாருக்கும் தோன்றவில்லை. கேட்கலாம் என்று அவளுக்கும் தோன்றியதில்லை.

விரலில் கோடுகள் எழும்பி வந்ததும் மறுபடி போனாள். சின்னவளும் கையுறை வைத்த பையோடு கூடவே வந்தாள், ஆனால் வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. ஃபைலில் இருந்த ரேகை வேறு யாருடையதோ. குமாஸ்தா சான்றிதழுக்கு முத்திரை குத்திவிட்டு, பேனாவைத் திறந்தார்.

"ஒண்ணு மட்டும் எழுதியாகணும். உங்க பேரக் கொடுத்தது யாருன்னு தெரியுமா?"

ஜன்னல் வழியாகக் கேட்டோரம் நிற்கிற சின்னவள் தெரிந்தாள்.

"தெரியும். எங்கம்மா."

"எங்க இருக்காங்க?"

"போய்ச் சேந்துட்டாங்க. எனக்கு வெச்ச பேர அவங்களே எடுத்துக் கொடுத்துட்டாங்க. கேக்கலாம்னா ஆளில்ல."

குமாஸ்தா அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் சின்னவள் கிட்டே ஓடி வந்தாள்.

"என் பேரச் சொல்லிட்டியாக்கா?"

சான்றிதழ் கிடைத்ததா என்று அடுத்தபடியாகக் கேட்பாள் என்று பெரியவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை.

"உன் பேரு அங்க எங்கயுமே இல்லடி. என் பேருதான் இருந்துச்சு."

சின்னவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. "அப்போ சாயங்காலம் வந்து அந்தப் பாத்திரத்தயெல்லாம்..."

"வேணாம். இனிமே வராத."

"கோவமாக்கா?"

பெரியவள் நாலடி நடந்தாள். பிறகு நின்று, கையை நீட்டினாள்.

"அந்தக் கிளவுஸ மட்டும் கொடுத்துட்டுப் போ. காப்பகத்துல பால்புட்டி கழுவணுமாம்."