கணினி மறக்காத ஏரி

ஏரியைத் தூர்த்து வீடு கட்டிய பிறகும், அந்தத் தெருவில் தினமும் மாலை நாலு மணிக்கு இடுப்பளவு தண்ணீர் வந்து, ஆறு மணிக்கு வடிந்துவிடும். காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. வானிலை அலுவலகக் கணினியிலிருந்த நில வரைபடம் பழையது. அதில் அங்கே இன்னும் ஏரிதான். கணினி சொன்னதைத் தெருவால் தட்டமுடியவில்லை. ஜனங்கள் டிவியை உயரத்தில் மாட்டினார்கள், கட்டிலுக்குச் செங்கல் வைத்தார்கள், கூடத்தில் மேயும் கெண்டைகளை விருந்தாளிகளாகவே பாவித்தார்கள். நடக்க வராத ஒரு சிறுமி மட்டும் அந்நேரம் கூடத்தில் நீந்திக் கும்மாளம் போடுவாள்.

கஷ்டம் என்னவென்றால், இல்லாத ஏரியின் குளிர்ச்சியை நம்பிச் சொன்ன வானிலையெல்லாம் பொய்த்தது. ஒருமுறை தெளிந்த வானம் என்றார்கள். புயல் வந்து சந்தைக் கூரையையே தூக்கிப்போனது. அதனால், நிலத்தின் ஈரத்தையும் சூட்டையும் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்வதை அன்றாடம் கணினிக்கு ஊட்ட உத்தரவாயிற்று. ஊட்டவேண்டிய அதிகாரி, சிறுமியின் சித்தி. ஊட்டினாள். வேறென்ன செய்வாள், ஊரார் உயிர் விஷயமாயிற்றே.

மறுநாள் நாலு மணிக்குத் தரை காய்ந்தே கிடந்தது. சிறுமி நீச்சலுடையோடு உட்கார்ந்து அழுதாள்.

"எம் புள்ள சந்தோஷத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!" என்று அக்கா போனில் கத்தினாள்.

"நான் என்னக்கா பண்ணட்டும்? சாட்டிலைட்டு இருக்கிறதத்தான் பாக்கும்."

"அப்ப தண்ணி இருந்தா பாக்குமா?"

தங்கை செயற்கைக்கோளின் நேர அட்டவணையைப் புரட்டினாள். "பாக்கும். தினம் மத்தியானம் உங்க தலைக்கு மேலதான் போகுது."

அடுத்த மத்தியானம் தெருவே குடமும் வாளியுமாகக் கிளம்பி அவரவர் கூடத்தில் ஊற்றியது. ஒன்றும் நடக்கவில்லை. கேள்விப்பட்ட தங்கை தலையிலடித்துக்கொண்டாள். "அக்கா, உனக்கு மூளை இருக்கா? கூரைக்குக் கீழ ஊத்துனா மேலேருந்து எப்படித் தெரியும்? மாடிக்குக் கொண்டு போ!" சொன்னதோடு நிற்காமல், லீவு போட்டுவிட்டு வந்து அவளும் வாளி தூக்கினாள்.

ஒரு வாரம் ஊற்றினார்கள். செயற்கைக்கோள் பார்த்தது, கணினி கொஞ்சம் கொஞ்சமாக நம்பியது. ஒட்டிக் கட்டிய மொட்டைமாடிகளில் மாலைத் தண்ணீர் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறியது. கெண்டைகள் படியேறித்தான் வந்திருக்கவேண்டும், யாரும் விசாரிக்கவில்லை. சிறுமி முதன்முறையாக வானத்தைப் பார்த்தபடி மல்லாந்து மிதந்தாள். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

இருக்கிற தண்ணீர்தானே, அதனால் கணிப்பும் பிசகவில்லை. இப்போதெல்லாம் அறிக்கை இப்படித்தான் வருகிறது: நகரில் வறண்ட வானிலை, மொட்டைமாடிகளில் நாலு முதல் ஆறு வரை ஏரி, துணி காயப்போட்டவர்கள் முன்னதாகவே எடுத்துவிடவும்.