உறைந்த ஏரியில் ஒரு வாதம்

குளிர்காலத் தர்க்க சபைக்கு நானும் புன்ட்சோக்கும் நடந்தே கிளம்பினோம். எங்கள் புத்த மடத்து முற்றத்தில் ஆறு வருடங்களாக, பதில் சொல்ல அவன் உட்காருவான். நான் எதிரே நின்று கைதட்டிக் கேள்வி கேட்பேன். தட்டிய கையோடு பதில் வராவிட்டால் தோல்வி. முற்றத்துக்கு வெளியிலும் நான் அவனை விட்டதில்லை. வயிறு வலிக்கிறது என்று படுத்திருந்தவனிடம், "வலிக்கிறது வயித்துக்கா, உனக்கா?" என்று கேட்டவன் நான்.

மூன்றாம் நாள் மதியம் ஏரி குறுக்கிட்டது. யாக் மாடுகளின் தடம் கரைவரை வந்து, இறங்காமல் வளைந்து போயிருந்தது. சுற்றிப் போனால் ஒரு நாள் கூடும். மறுநாள் காலை சபை. பனிக்கட்டிக்கு அடியில் யாரோ கனமான கதவை இழுப்பதுபோல ஒரு முனகல் கேட்டது.

"சுத்தியே போயிடலாம்," என்றான் புன்ட்சோக்.

"காரணம் சொல்லு."

"சத்தம் சரியில்ல."

"சத்தம் போடுறதெல்லாம் உடையுமா? அப்ப நம்ம மடத்து முரசு தினம் உடையணுமே."

"நான் வாதம் பண்ணலடா. பயமா இருக்குன்னு சொல்றேன்."

"பயம் உனக்குள்ள இருக்கு, பனி வெளிய இருக்கு. பனி உடையும்கிறதுக்கு உன் பயம் எப்படிச் சாட்சி?"

வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். பழக்கதோஷம், நான் கையைத் தட்டினேன். முனகல் நின்றுபோனது. அது நின்றதும் என் பிடரி சில்லிட்டது. ஆனாலும் ஜெயித்தவன் எப்படிப் பின்வாங்குவது?

"சரி, நீ ஜெயிச்சிட்ட," என்று அவனே முதலில் இறங்கினான்.

நாற்பது அடி போயிருப்பான். சத்தமே இல்லாமல் இடுப்புவரை உள்ளே போனான். நான் குப்புறப் படுத்து ஊர்ந்து, மேலாடையை அவிழ்த்து வீசினேன். பிடித்தான். என்னைப் பார்த்தான். பிறகு துணி மட்டும் ஈரமாக என் கைக்கு வந்தது.

நான் சபைக்குப் போகவில்லை. கரையைச் சுற்றி நடந்து, அவன் அம்மா வாங்மோவிடம் போய்ச் சொன்னேன். அடுப்பில் எரிந்த விறகை வெளியே இழுத்து அணைத்துவிட்டுக் கேட்டாள்:

"கடைசியா என்னப்பா பேசுனான்?"

"ஏதோ தர்க்கம் பண்ணிக்கிட்டே வந்தோம், அம்மா."

"அவனா? அவன் எதையும் ஒரு தடவைதானே சொல்லுவான். கேட்டாக் கேளு, கேக்காட்டிப் போன்னு விட்டுடுவான்."

பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சொன்னான்?" என்றாள் மறுபடியும்.