இங்ரிட்டுக்கு ஒரு பூசை

மகளின் பிள்ளைப்பேறு பார்க்க நோர்வே போன கிறேஸ், அங்கே பகலெல்லாம் தொலைக்காட்சியில் அந்த ஊர் நாடகம் ஒன்றைப் பார்த்துப் பழகிவிட்டாள். பாஷை ஒரு சொல்லும் விளங்காது, அழுகை விளங்குமே! திருகோணமலைக்குத் திரும்பிய பிறகும் போனில் அதேதான். கணவர் பற்றிக் தேத்தண்ணீரைக் காண்பதே நாடகம் முடிந்தால்தான்.

ஞாயிறு பூசையில் பாதர், "இறந்த இங்ரிட்டின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று அன்றைய பூசை யாருக்காக என்பதை வாசித்ததும் பற்றிக் திடுக்கிட்டார். நாடகத்தில் படகு கவிழ்ந்து செத்துப்போனவள் அல்லவா அவள்! கிறேஸ்தான் பேர் கொடுத்திருக்கிறாள். பூசை முடிய, துறைமுகத்தடிச் சனமெல்லாம் அவர் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னது.

"உங்கட சொந்தமோ?"

"ஓம், மனிசியின்ர பக்கம்" என்று சொல்லித் தப்பினார்.

அடுத்த கிழமை இங்ரிட் ஈர உடுப்போடு உயிருடன் கரையேறி வந்தாள். பற்றிக் சந்தோஷம் தாங்காமல் கேட்டார்.

"இப்ப பாதருக்கு என்ன சொல்லப் போறீர்?"

கிறேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நன்றிப் பூசை ஒண்டு கேக்கப் போறன். ஊர் முழுக்க எங்கட சொந்தம் எண்டு சொன்னனீங்கள்தானே, முன் வாங்கில வந்து இருங்கோ."