அக்கா ஏற வேண்டிய படி

எலிவளையானாலும் தனிவளை வேண்டும் என்பார்கள். தர்மலிங்கம் செமிலிங் ஊரில் கட்டியதோ யானைக்கொட்டாய். முகப்பில் நான்கு வெள்ளைத் தூண்கள், அகலமான மார்பிள் படிகள், கார் வந்து நிற்கப் பெரிய போர்ட்டிகோ. எல்லாம் ரப்பர் தோட்டத்துத் தொரை பங்களாவைப் பார்த்து அப்படியே வரையச் சொன்னது. தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்தவனுக்கு இத்தனை ஆசையா என்று உறவுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். உண்மையில் அவனுக்கு இருந்தது ஒரே ஆசைதான்.

அவனுடைய அக்கா இராசாத்தி அந்தப் பங்களாவில் ஆயாவாக இருந்தவள். தலை நரைக்கும்வரை அங்கே மாடாய் உழைத்தும் முன்வாசல் வழியாக ஒருநாளும் உள்ளே போனதில்லை. அவளுக்கு விதித்தது பின்வாசல். அவள் சம்பளத்தில் படித்துத்தான் தர்மலிங்கம் ஆளானான். அதே மாதிரிப் படியில் அவளை ஏற்றி, வலது காலை வைத்து உள்ளே வரச் செய்து, அவள் கையால் பால் காய்ச்ச வேண்டும். அதற்குத்தான் இந்தக் கூத்தெல்லாம்.

குடிபுகும் நாளில் நல்ல நேரம் பாதி கரைந்தும் அக்காவைக் காணோம். ஐயர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் தவித்துக்கொண்டிருந்த தர்மலிங்கத்திடம் மனைவி நவமணி ஓடி வந்தாள்.

“ஏங்க, அண்ணி எப்பவோ வந்துட்டாங்க. பின்னால குசினியில மங்கு பாத்திரமெல்லாம் கழுவிக்கிட்டு இருக்காங்க!”

அவனுக்குச் சுருக்கென்றது. ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்தான்.

“என்னக்கா இது? முன்னால வா லா. நீ வந்துதான் பால் காய்ச்சணும்.”

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நனைந்த காலோடு கூடவே வந்தாள். படிக்கு எதிரே வந்ததும் நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தூண்களை அண்ணாந்து பார்த்தாள்.

“நா முன் கேட்டு வழியாத்தான் வந்தேன் தம்பி. இந்தத் தூணப் பாத்ததும் காலு தானா பின்பக்கம் போயிருச்சி. அதே வீடு. தொர மட்டும் நீ.”

குத்திக்காட்டவில்லை, பெருமையாகத்தான் சொன்னாள். அதுதான் அவனை அறுத்தது. பின்வாசல் தேவையில்லை என்று வரைபடம் போட்டவர் சொன்னபோது, “அப்பறம் வேலைக்காரங்க எந்தப் பக்கமா வருவாங்க?” என்று கேட்டு அதை வைக்கச் சொன்னவன் அவனேதான். வெட்கத்தில் முகம் எரிந்தது.

“ஏறுக்கா,” என்றான்.

அவள் வலது காலை எடுத்து முதல் படியில் வைத்தாள். அடுத்த படிக்கு ஏறியதும் திரும்பிக் குனிந்து, கீழ்ப்படியில் பதிந்திருந்த தன் ஈரக் கால்தடத்தை முந்தானையால் அவசர அவசரமாகத் துடைத்தாள்.